கோப்பு: ஓலைத் துளையிலிருந்து லினக்ஸ் அடைவு வரை

'கோ' என்பது தமிழின் பழைய வினையடிகளில் ஒன்று. மணியை நூலில் கோத்தார்கள், பூவை நாரில் கோத்தார்கள். எங்கள் புத்தளம் கரையில் வீட்டுக்குக் கொண்டுபோகும் நாலு மீனைச் செவுள் வழியாக ஈர்க்கில் கோத்துத் தூக்கிப் போவார்கள். பேச்சில் 'கோர்த்து' என்று ரகரம் நுழைந்துவிட்டது. இலக்கணப்படி 'கோத்து' என்பதே சரி. கா என்பது காப்பு ஆனதுபோல, யா என்பது யாப்பு ஆனதுபோல, கோ என்பது கோப்பு ஆயிற்று. வேறொரு விகுதி சேர்ந்து கோவையும் ஆயிற்று.

இரண்டில் இலக்கியத்தில் புகழ்பெற்றது கோவைதான். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் அகத்துறைகளை ஓர் ஒழுங்கில் கோத்துச் செல்லும் நூல். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, நடத்தை விதிகளை 100 வெண்பாவில் கோத்துத் தருகிறது. விதிகளின் தொகுப்புக்குக் கோவை என்று பெயரிடும் அந்த மரபை இலங்கைச் சட்டத் தமிழ் இன்னும் விடவில்லை. தண்டனைச் சட்டக்கோவை என்றும் தாபன விதிக்கோவை என்றும் இங்கே இயல்பாகச் சொல்கிறோம். அலுவலகங்களில் கடிதக் கட்டையும் பலர் கோவை என்றே சொல்வார்கள். தமிழ்நாட்டு அலுவலகம் அதே பொருளுக்குக் கோப்பு என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. கணினி வந்தபோது பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கோப்பு நிலைத்தது. அதிலிருந்து கோப்புறையும் பிறந்தது.

இது வெறும் சொற்பெயர்ப்பால் வந்த பெயர் அல்ல என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ஓலைச்சுவடியில் ஏடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்தார்கள். ஐரோப்பாவில் தாள்களைக் கம்பியிலோ நூலிலோ குத்திக் கோத்து வைத்தார்கள். 'ஃபைல்' என்ற சொல்லின் மூலமான லத்தீன் 'ஃபீலும்' நூலையே குறிக்கும். எழுதியதைத் தொலையாமல் வைக்க இரு நாகரிகங்களும் ஒரே வேலையைச் செய்தன, அந்த வேலையின் பெயரையே பொருளுக்கு வைத்தன.

கோப்புக்கு இன்னொரு வீடும் உண்டு: அச்சகம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக்குவது அச்சுக்கோப்பு. அதைச் செய்பவர் அச்சுக்கோப்பாளர். 'கோ' என்ற எழுத்தை அவர் தனித்தனி அச்சுகளைச் சேர்த்தே அமைப்பார்: இரட்டைக் கொம்பு, ககரம், அதன் பின் அரவு. அரவு என்று இங்கே நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டில் துணைக்கால் என்பார்கள். இந்த மூன்று துண்டுகளில்தான் இன்றைய சிக்கலின் வேர் இருக்கிறது. அதற்கு முன் ஏட்டுக் காலத்தையும் பார்த்துவிட வேண்டும்.

தொல்காப்பியம் குற்றெழுத்தான எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடச் சொல்கிறது. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பதால் எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். ஆகவே மரக்கிளையைக் குறிக்கும் 'கொப்பு' என்ற சொல்லும் நம்முடைய 'கோப்பு' என்ற சொல்லும் ஏட்டில் ஒரே வடிவில் நின்றன. எது எது என்று இடம் பார்த்துப் படிப்பவர் உணர்ந்துகொள்ள வேண்டும். நெடிலுக்கு இரட்டைக் கொம்பு வந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமாக மரபு அதைப் போற்றுகிறது. ஏட்டில் இரண்டு சொல்லுக்கு ஒரே வடிவம் இருந்தது. கணினியில் நிலைமை நேர்மாறு: ஒரே சொல், ஒரே வடிவம், ஆனால் உள்ளே இரண்டு எழுத்துக்கோவை.

யுனிகோடில் ஓகார உயிர்க்குறிக்குத் தனி எண் ஒன்று உண்டு. ககரத்தை அடுத்து அந்த ஒற்றை எண்ணை வைத்தாலும் 'கோ' வரும். இரட்டைக் கொம்புக்கு ஓர் எண், அரவுக்கு ஓர் எண் என்று இரண்டை வைத்தாலும் அதே 'கோ' வரும். இரண்டும் சமம் என்று யுனிகோட் விதி சொல்கிறது. திரையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் யுடிஎஃப்-8 முறையில் எழுதும்போது முதல் வகைக் 'கோப்பு' 18 பைட், இரண்டாம் வகைக் 'கோப்பு' 21 பைட்.

இரண்டாம் வகை எங்கிருந்து வருகிறது? இலங்கையில் பல்லாண்டு கோலோச்சிய பாமினி எழுத்துருவில் 'கோ' அடிக்க மூன்று விசை வேண்டும்: கொம்பு, ககரம், அரவு. அச்சுக்கோப்பாளர் செய்த அதே வேலை. அந்தக் காலத்து ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றும் நிரல் கவனக்குறைவாக எழுதப்பட்டிருந்தால் கொம்பையும் அரவையும் தனித்தனியாகவே விட்டுவிடும். ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறையோ பெயர்களை வேண்டுமென்றே பிரித்துத்தான் வட்டில் எழுதியது. அங்கிருந்து வந்த பெயரும் பிரிந்த பெயராக இருக்கலாம்.

எங்கள் கரையின் ஊர்ப்பெயர்கள் எழுத்துமாற்றத்துக்குப் புதியவை அல்ல. புது அளம், அதாவது புதிய உப்பளம் என்று பொருள் சொல்லப்படும் புத்தளம், 1344இல் இங்கே வந்திறங்கிய இபின் பதூதாவின் ஏட்டில் பத்தாலா. 1667க்கும் 1676க்கும் இடையில் கோட்டை கட்டிய ஒல்லாந்தருக்குக் கற்பிட்டி கல்பென்டைன். அந்த மாற்றங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. இன்று 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தால் நாடெங்கும் தெரிந்த நுரைச்சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 'சோ' சேர்ந்திருந்தால் ஊர்ப்பெயர் 30 பைட், பிரிந்திருந்தால் 33. தாழிக்காட்டுக்குப் பெயர்பெற்ற பொன்பரிப்பின் 'பொ' என்ற எழுத்தும் அப்படியே. இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது.

லினக்ஸ் கோப்பு முறைமை இதை எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெமி கார்ட் 1992இல் எழுதிய எக்ஸ்ட், மறு ஆண்டில் எக்ஸ்ட்2, பின்னர் எக்ஸ்ட்3, 2008 டிசம்பரில் லினக்சின் கருநிரலான கர்னலின் 2.6.28 பதிப்புடன் நிலைபெற்ற எக்ஸ்ட்4 என்று வளர்ந்த குடும்பம் இது. இன்று பல லினக்ஸ் வழங்கல்கள் நிறுவும்போதே தருவது எக்ஸ்ட்4தான். இதில் ஒரு கோப்பின் உள்ளடக்கத்தையும் உரிமையையும் குறித்துவைக்கும் ஐநோடில் பெயர் இல்லை. பெயர் இருப்பது அடைவில். அடைவு என்பது பெயரையும் ஐநோட் எண்ணையும் சேர்த்துக் கோத்த வரிசை. பெயர் என்றால் கர்னலுக்கு வெறும் பைட்டுகள். சாய்கோடும் சுழிய பைட்டும் மட்டும் கூடாது, மற்றவை எதுவும் ஆகலாம். ஆகவே 18 பைட் பெயருள்ள கோப்பும் 21 பைட் பெயருள்ள கோப்பும் ஒரே அடைவில் இரண்டு தனிக் கோப்புகளாக அருகருகே நிற்கும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு வரியில் தெரியும். ஐநோட் எண் மட்டும் வேறு. நாம் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை அனுப்பிவைப்போம்.

இதற்குத் தீர்வு தரும் வசதி 2019 ஜூலையில் 5.2 கர்னலுடன் எக்ஸ்ட்4க்கு வந்தது. எழுதியவர் கேப்ரியல் கிரிஸ்மன் பெர்டாசி. வசதியின் பெயர் 'கேஸ்ஃபோல்ட்'. இந்தப் பெயருக்கும் அச்சகமே பிறந்த வீடு. ஆங்கில அச்சுக்கோப்பாளர் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சிறிய எழுத்துகளை அடிப்பெட்டியிலும் வைப்பார். அந்தப் பெட்டிதான் 'கேஸ்'. இரண்டு பெட்டியையும் ஒன்றாக மடித்துப் பார்ப்பது கேஸ்ஃபோல்ட். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லையே, இது நமக்கு எதற்கு என்று பெயரைப் பார்த்தவுடன் தள்ளிவிடத் தோன்றும். அதுதான் தவறு. பெட்டியை மடிப்பதற்கு முன்பு இந்த வசதி யுனிகோடில் சமமான வடிவங்களை ஒன்றாக்குவதையும் செய்கிறது. கோப்பு முறைமை தன் அமைப்பு விவரங்களை வைக்கும் சூப்பர்பிளாக்கில் இதற்கான விவரம் பதியும் இடத்தின் பெயரும் 'என்கோடிங்'தான். பெயரில் பாதியே வெளியே தெரிகிறது; தமிழுக்கு வேண்டியது மறைந்திருக்கும் மற்றப் பாதி.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அடைவில் பெயரைத் தேடும்போது கர்னல் 'கோ' என்ற எழுத்தைக் கொம்பாகவும் அரவாகவும் பிரித்து ஒப்பிடுகிறது. ஈய எழுத்துக் கோத்தவரின் துண்டுகளுக்கே திரும்பிப் போகிறது. பெரிய அடைவுகளில் பெயரிலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண்ணும் இந்தப் பிரித்த வடிவிலிருந்தே வரும். ஆனால் வட்டில் நாம் அடித்த வடிவம் அப்படியே பத்திரமாக இருக்கும்.

சோதிக்க விரும்புகிறவர் ஓர் உதிரி வட்டுப் பகுதியை எடுத்து, வடிவமைக்கும்போதே கேஸ்ஃபோல்ட் வசதியைச் சேர்க்க வேண்டும். பிறகு வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி அதற்கு எஃப் குறியைப் போட வேண்டும். அடைவில் ஏதாவது இருந்தால் குறி ஏறாது. இனி 18 பைட் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி எதையாவது எழுதுங்கள். 21 பைட் பெயரைக் கொடுத்துத் திறந்தால் அதே கோப்பு திறக்கும். குறி இல்லாத பக்கத்து அடைவில் அதையே செய்தால் அப்படி ஒன்று இல்லை என்று பதில் வரும்.

கோப்பு முறைமைக்காரர்கள் இப்படி ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்ப்பதில்லை. எஸ்ஜிஐ நிறுவனம் தன் எக்ஸ்எஃப்எஸ் முறைமைக்காகத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பு இன்று எக்ஸ்ட்4க்கும் பொதுச் சொத்து. ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். வரவேண்டிய வெளியீடு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். வந்ததில் ஒரு வரி மாறினாலும் தோல்வி. பொதுச் சோதனை 453, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பெயர்களைப் படைத்து, அவை வெவ்வேறு கோப்புகளாகவே நிற்கின்றனவா என்று பார்க்கிறது. சோதனை 556 கேஸ்ஃபோல்ட் அடைவில் எதிர்ப்பதிலை எதிர்பார்க்கிறது. இரண்டும் சரி: எந்த அடைவில் எந்த வாக்குறுதி தரப்பட்டதோ அது காப்பாற்றப்பட வேண்டும். பிரெஞ்சு 'கஃபே'யின் குறியிட்ட ஈகாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் எழுதி 453 சோதிக்கிறது. நம் ஓகாரமும் அதே இனம்தான்.

சோதனை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு 2024இன் இறுதியில் நடந்தது ஒரு பாடம். கண்ணுக்குத் தெரியாத சில யுனிகோட் குறிகளைப் பெயரை ஒப்பிடும்போது கர்னல் பொருட்படுத்துவதில்லை. பாதுகாப்புக் காரணத்துக்காக அந்தச் சலுகையை நீக்கும் திருத்தம் ஒன்று உள்ளே வந்தது. ஏற்கெனவே வட்டில் இருந்த பெயர்களின் ஹாஷ் எண்கள் பழைய விதியில் கணக்கிடப்பட்டவை. புதிய கர்னல் புதிய விதியில் தேடியது. இதயப் படக்குறியைப் பெயரில் கொண்ட கோப்புகள் இருந்தும் கிடைக்கவில்லை. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. இலங்கைக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. சிங்களத்தில் 'ஸ்ரீ' என்று எழுதவே அப்படியொரு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி வேண்டும். சிங்களமும் தமிழும் ஒரே வட்டில் கிடக்கும் புத்தளத்து அலுவலகத்தில், நாட்டின் பெயரைக் கொண்ட கோப்பே அந்த விதிக்குள் அடங்கியிருக்கும்.

கேஸ்ஃபோல்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஔவையை முறையான ஔகாரத்தில் எழுதுவதும் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதுவதும் யுனிகோடுக்கு வேறு வேறு சொற்கள். நம் 'ஸ்ரீ' என்பதற்கும் இரண்டு வழி உண்டு. 2005இல் யுனிகோட் 4.1 தனியொரு சகரத்தைச் சேர்த்த பிறகு வந்த வினை அது. இவை சமமென்று எந்த அட்டவணையும் சொல்லாது, கர்னலும் ஒன்றாக்காது. நீளமும் கவனிக்க வேண்டியது. எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட் வரைதான். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து 85 குறிதான். விண்டோசில் நிம்மதியாக இருந்த நீண்ட தமிழ்ப் பெயர் லினக்சுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

தமிழ் தெரிந்த நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐபிஎம் இந்தியாவின் அமித் அரோரா 2007இல் எழுதிய ஃபாலோகேட் அழைப்பு இன்று உலகெங்கும் ஓடுகிறது. கோப்பு முறைமை வேலை நம் பக்கத்தவர்க்கு எட்டாத ஒன்றல்ல. கர்னலில் ஒரு வரி எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கோப்பு, கொப்பு, ஔவை, ஸ்ரீ, நுரைச்சோலை, பொன்பரிப்பு ஆகியவற்றைச் சேர்த்தும் பிரித்தும் எழுதி ஒரு சோதனை ஆக்குங்கள், வரவேண்டிய விடையையும் உடன் வைத்துத் தொகுப்புக்கு அனுப்புங்கள்.