துறைமுகத்தில் இரும்பும் வண்ணமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அமைதியையும் புகழாத சரித்திர ஆசிரியர் இலர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அடுத்தடுத்து அதன்மீது கண் வைத்தமைக்குக் காரணமும் அதுவே. ஆயின் அத்துறையின் கரையில் வாழ்வோர் நாள்தோறும் காணும் வேறொரு குணமும் அதற்கு உண்டு. கடற்காற்றோடு கலந்து வரும் உப்பு, இரும்பைத் தின்றுவிடும். வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் கதவுக் கீல் முதல் கப்பற் சங்கிலி வரை யாவும் கறள் பிடிக்கின்றன. உப்புவெளி என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்த மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மரக்கப்பல்களின் காலத்தில் இத்தொல்லை இவ்வளவு பெரிதன்று. திருகோணமலை என்னும் பெயர் தாங்கிய ஆங்கிலப் போர்க்கப்பலொன்று 1817ஆம் ஆண்டில் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. பின்னர் கப்பல்கள் இரும்பாயின, உருக்காயின. அன்று தொட்டுக் கடற்படையினரின் பொழுதிற் பெரும்பங்கு சுரண்டுவதிலும் பூசுவதிலுமே கழியலாயிற்று. கறளைத் தட்டி உதிர்த்தல், அதன்மேல் ஈயச் சிந்தூரம் கலந்த செந்நிறப் பூச்சு, அதன்மேற் சாம்பல் நிறம்: இதுவே முறை. போர்க்கப்பலின் பக்கத்துக்கு உரிய இம்முறையே, வீட்டுத் திண்ணையிற் சாத்தி வைத்த துவிச்சக்கர வண்டிக்கும் உரியது என்பது வியப்பன்று. இரண்டும் உருக்கே, பகையும் ஒன்றே.

இன்று நாம் அறிந்த வடிவிலான துவிச்சக்கர வண்டியை 1885ஆம் ஆண்டில் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கினார். அவ்வண்டிகள் நெடுங்காலம் கறுப்பு நிறமாகவே இருந்தமைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஜப்பானியரின் அரக்குப் பூச்சைக் கண்டு மயங்கிய ஐரோப்பியர், அதனைப் போலியாகச் செய்யப் புகுந்து, நிலக்கீல் கலந்த கருநிற எண்ணெய்ப் பூச்சைத் தகரத்தின்மேற் பூசிச் சூளையிற் சுட்டெடுத்தனர். அத்தொழிலுக்கு ஜப்பானின் பெயரையே இட்டனர். அதில் தேர்ந்த வொல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஜோன் மார்ஸ்டன் என்பவர் 1887ஆம் ஆண்டளவில் வண்டி செய்யத் தொடங்கியபோது, தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் பூசிய அதே கறுப்பைச் சட்டத்துக்கும் பூசினார். அவருடைய ‘சன்பீம்’ வண்டிகள் பளபளப்புக்குப் பெயர் பெற்றவை. 1906ஆம் ஆண்டில் தோமஸ் கொஸ்லெற் என்னும் ஆங்கிலேயர், இரும்பைப் பொஸ்பரிக் அமிலம் சேர்ந்த கொதிநீரில் ஊறவைத்துக் கறளைத் தடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். வண்டித் தொழிற்சாலைகளும் இதனைக் கைக்கொண்டன. இலங்கைத் தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்த றலி, ஹம்பர் வண்டிகளின் உறுதிக்குக் குழாயின் வலிமை மட்டுமன்று, சூளையில் இறுகிய அக்கறுப்பும் காரணம்.

தூரிகை கொண்டு பூசும் எவராலும் அச்சூளைப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர இயலாது. எனவே மறுபடி வண்ணம் பூசுவதில் முதல் வினா, எவ்வளவைச் சுரண்டுவது என்பதே. பழைய பூச்சு உறுதியாக நிற்கும் இடத்தை விட்டுவிடுவதே அறிவு. கறளோ தெரியும் இடத்தில் இருப்பதினும் தெரியாத இடத்திலேயே மிகுதி. மிதிகட்டையின் அச்சுச் செல்லும் குழலின் அடியிலும், சேறு தங்கும் பின்கவையிலும், இருக்கைக் கம்பம் இறங்கும் குழாயின் உள்ளேயும் அது மறைந்து வாழும். குழாயின் கனமோ ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர். மேலே மினுங்கும் வண்ணத்தோடு உள்ளே இற்றுப்போன சட்டம் ஏறியவனைக் கீழே தள்ளும்.

கறள் சுரண்டியதும் உடனே வண்ணம் பூசுவது துறைமுக ஊர்களிற் பெரும் பிழை. கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பின் குழிகளில் ஒட்டி நிற்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, பூச்சின் கீழேயே மீண்டும் கறளை வளர்க்கும். கறள் தான் அரித்த இரும்பினும் அதிக இடம் கொள்வதால் வண்ணம் கொப்புளமாய் எழும். நன்னீரால் நன்கு கழுவி, வெயிலில் உலர்த்தி, அன்றே முதற்பூச்சை இடுதல் வேண்டும். விலை உயர்ந்த எனாமலினும் ஒரு வாளிக் கிணற்று நீர் இங்கு மேலான காவல்.

முற்காலத்து முதற்பூச்சில் ஈயம் இருந்தது. மஞ்சள், சிவப்பு முதலிய வண்ணங்களிலும் இருந்தது. கறளைத் தடுப்பதில் அது இணையற்றது, உடலுக்கோ நஞ்சு. பழைய சட்டத்தை உலர்ந்தபடியே தேய்த்தால் எழும் தூசி, அருகே விளையாடும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். இலங்கையில் வண்ணப் பூச்சுகளிலுள்ள ஈயத்துக்கு வரம்பிடும் விதி 2013ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்டதை நீர் நனைத்துத் தேய்ப்பதும், தேய்த்த கசடை முற்றத்தில் விடாது அள்ளி அகற்றுவதும் கட்டாயம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சட்டத்திற் பொறிக்கப்பட்ட இலக்கமே வண்டியின் பிறப்புச் சாட்சி. தடித்த பூச்சினால் அதனை மூடிவிடுவோர் பலர். பொன்னிறக் கோடுகளும் தொழிற்சாலை முத்திரையும் அவ்வாறே அழிகின்றன. புதுமை வேண்டுமென்று பழமையின் பெயரையே துடைப்பது என்ன கெட்டித்தனமோ!

இரும்பு கவனிப்பாரற்றுக் கிடந்தால் என்னவாகும் என்பதற்குச் சீனன்குடா சான்று. இரு உலகப் போர்களுக்கிடையே ஆங்கிலேயர் அங்கு எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து உருகியது. 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். பின்னர் மேற்பகுதித் தாங்கிகள் பல பத்தாண்டுகள் பயனின்றிக் காட்டிடையே கறள் ஏறி நின்றன. 2022 ஜனவரியில் அவற்றைச் சீர்செய்ய இந்தியாவுடன் ஒப்பந்தம் ஆயிற்று.

அதே 2022இல்தான் நாடெங்கும் எரிபொருள் அற்றுப்போயிற்று. பெற்றோல் நிலையங்களின் முன் மக்கள் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தனர். புதிய துவிச்சக்கர வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. தகரக் கொட்டில்களின் மூலையில் சாய்ந்து கிடந்த பழைய உருக்குச் சட்டங்களை அப்போது வெளியே எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தனர். கறள் உள்ளே இறங்காதவை வண்ணம் பூசப்பெற்று மீண்டும் வீதிக்கு வந்தன. இற்றவை பழைய இரும்புக்குப் போயின.