புகைபோக்கியும் பிரஷ்ஷும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல வீடுகளில் சுவருக்குள் தகரக் குழாய்கள் ஓடுகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அவற்றின் வழியாகத்தான் அறைகளுக்கு வருகின்றன. குழாயில் தூசி படிந்துவிட்டால் வீட்டுக்காரர் தாமே திருகாணியைக் கழற்றி, துவாரத்தின் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வைக்கிறார். பிறகு, வளையும் கம்பிகளை ஒன்றோடொன்று பொருத்தி, நுனியில் பிரஷ் மாட்டி உள்ளே விட்டுச் சுழற்றுகிறார். அற்ப வேலை. ஆனால் கம்பியில் மாட்டிய பிரஷ்ஷுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டால், லண்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது.

1666-இல் லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தது. பிறகு எழுந்த வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் பெருகின, புகைபோக்கிகள் குறுகின. பதினான்கு அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம் என்பது சாதாரண அளவு. அதற்குள் வளர்ந்த மனிதன் நுழைய முடியுமா? ஏழைக் குழந்தைகளை ஏற்றினார்கள். முழங்கால் தோல் உரியாமல் மரத்துப்போவதற்காக உப்பு நீரைத் தேய்த்தார்கள். புகைக்கரியால் அவர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற வைத்தியர் 1775-லேயே எழுதினார். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1788-இல் சட்டம் வந்தது. ஏட்டில் இருந்தது.

1803-இல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் கழிகளை இணைத்துப் பிரஷ் மாட்டிய கருவியைச் செய்தார். 1828-இல் ஜோசப் கிளாஸ் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டுமல்லவா? முடியவில்லை. கருவி வந்தால் கம்பளம் அழுக்காகும், வளைந்த புகைபோக்கிகளை இடித்துத் திருத்தச் செலவாகும் என்றார்கள். 1819-இல் சிறுவர்களைக் காக்க வந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. 1840-இல், இருபத்தொரு வயதாகாத எவரும் ஏறக் கூடாது என்று சட்டம் செய்தார்கள், அதையும் மீறினார்கள்.

1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். பிழைக்கவில்லை. ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் விடாமுயற்சியால் அந்த ஆண்டே, போலீஸ் உரிமம் இல்லாமல் யாரும் இத்தொழில் செய்யக் கூடாது என்று சட்டமாயிற்று. கொடுமை நின்றது.

கருவி பிறந்து எழுபத்திரண்டு ஆண்டுகள்! இல்லாமல் போனது அறிவு என்று நான் சொல்ல மாட்டேன். பிரஷ் தயாராக இருந்தது. கொஞ்சம் தூசியையும் செலவையும் பொறுத்துக்கொள்ள வீட்டு எஜமானர்கள்தாம் தயாராக இல்லை. கம்பளத்தைவிடக் குழந்தை மலிவாகக் கிடைத்தது.