பூ பூக்குது, காய் மட்டும் வரலையா? உங்கள் மிளகாய்ச் செடிக்கு என்ன ஆச்சு?

காலையில் பால்கனிக் கதவைத் திறக்கிறீர்கள். செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஆனால் நேற்றுப் பார்த்த வெள்ளைப் பூக்கள் எல்லாம் இன்று தரையில். காய் ஒன்றுகூட இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியோ, கிள்ளான் தாமான் வீட்டு வாசலோ, தொட்டியில் மிளகாய் வளர்க்கும் பலருக்கும் பழகிப்போன காட்சி இது.

மலேசியர்கள் சாப்பிடும் மிளகாயில் பெரும்பகுதி இறக்குமதி. பண்டிகைக் காலத்தில் விலை ஏறுவதும், அரசாங்கம் உச்சவரம்பு விலை அறிவிப்பதும் நமக்குப் புதிதல்ல. அதனால்தான் 'வீட்டிலேயே நாலு செடி வைப்போமே' என்று பலர் தொடங்குகிறார்கள். காய் வராவிட்டால் உடனே ஒரு 'பூஸ்டர்' பாட்டில் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. காரணம் தெரியாமல் உரத்தைக் கொட்டினால், இருக்கிற செடியும் போய்விடும்.

ஆண் செடி, பெண் செடி என்று உண்டா?

இல்லை. பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் உண்டு. அதை வைத்து மிளகாய்க்கும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மிளகாயின் ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரே செடி இருந்தாலும் காய்க்கும். மகரந்தம் நடுவில் உள்ள சூல்முடியில் விழ, பூ லேசாக அசைந்தால் போதும்.

எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது?

முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். பூவே வரவில்லையா? பூ வந்து கொட்டுகிறதா? பிஞ்சு பிடித்த பிறகு விழுகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பூவே வரலைன்னா?

பெரும்பாலும் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து அதிகம். மிளகாய்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும்.

'போன ஜூலையில் நல்லாக் காய்ச்சதே, டிசம்பரில் ஏன் நின்னுபோச்சு?' என்று கேட்கலாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடபக்கம் நிற்கும். மற்ற மாதங்களில் தென்பக்கம். ஆகவே வடக்குப் பார்த்த பால்கனிக்கு வருடக் கடைசியில் நேரடி வெயில் கிடைக்காது. தெற்குப் பார்த்த பால்கனிக்கு வருட நடுவில் அதே கதை. கிழக்கும் மேற்கும் வருடம் முழுவதும் அரை நாள் வெயில் வாங்கும். தொட்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் காய்க்கும் பருவம், காய்க்காத பருவம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து உரம். நர்சரியில் 'என்.பி.கே. பச்சை' என்று விற்பது 15:15:15. 'என்.பி.கே. நீலம்' 12:12:17:2. இந்த எண்கள் முறையே தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் அளவைச் சொல்கின்றன. கடைசியில் வரும் 2, மக்னீசியம். இலை வளர வேண்டிய காலத்தில் பச்சை. மொட்டு வைக்கத் தொடங்கியதும் நீலம். பூக்கிற செடிக்குத் தொடர்ந்து தழைச்சத்தையே ஊட்டினால் அது இலையாகவே தள்ளும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

பூ வந்து கொட்டுதா?

விழுந்த பூவை எடுத்துப் பாருங்கள். காம்பு மஞ்சளாகி, காம்போடு சேர்ந்து விழுந்திருந்தால், செடியே அதைக் கழற்றிவிட்டது என்று அர்த்தம். கழற்றிவிட முக்கியக் காரணம் வெப்பம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பகல் வெப்பம் பொதுவாக 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடும். இரவில் 24 டிகிரி அளவில்தான் இறங்கும். சிமெண்ட் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியிடுவதால் பால்கனியில் இன்னும் கூடும். இந்தச் சூட்டில் மகரந்தம் பலவீனமாகிவிடும். அதுவும் பூ மலர்ந்த பிறகு மட்டுமல்ல, மொட்டாக இருக்கும்போதே.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: ஏர்கோன். பல கொண்டோக்களில் ஏர்கோனின் வெளிப்பெட்டி பால்கனியிலேயே இருக்கும். இரவு முழுவதும் அது ஊதும் வெப்பக்காற்று செடியின் மேல் அடித்தால் பூ நிற்காது. தொட்டியை அந்தக் காற்று படாத மூலைக்கு மாற்றுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

குடைமிளகாய் போட்டால் காய்க்குமா?

சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய குடைமிளகாயின் விதையைப் போட்டுப் பார்த்தவர்கள் நிறைய பேர். செடி வரும், பூவும் வரும். காய் பிடிப்பது கஷ்டம். அதற்கு இதமான பகலும் குளிர்ந்த இரவும் வேண்டும். அதனால்தான் கேமரன் மலையில் அது நன்றாக விளைகிறது. இங்கே சிலி பாடி என்கிற ஊசி மிளகாயும், சமவெளி வெப்பத்துக்குப் பழகிய சிவப்பு மிளகாய் ரகங்களும்தான் கைகொடுக்கும். செர்டாங்கில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி வெளியிட்ட எம்.சி. 11, எம்.சி. 12 ஆகியவை அப்படிப்பட்ட ரகங்கள். ஆக, சிக்கல் உங்கள் கையில் இல்லாமல் விதையிலேயே இருக்கலாம்.

15வது மாடிக்குத் தேனீ வருமா?

வராமல் போகலாம். காற்றும் அடிக்காத மூடிய பால்கனி என்றால் பூ அசையவே அசையாது. காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பூத்திருக்கும் கிளையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பழைய எலெக்ட்ரிக் பல்துலக்கி இருந்தால் பூக்காம்பின் பின்னால் ஒரு நொடி வைத்தாலும் சரி.

அப்படியே பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைத்தாளின் மேல் ஒரு பூவைத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கோடு போல ஏதாவது ஊர்ந்தால் அது இலைப்பேன். பூவுக்குள் ஒளிந்துகொண்டு சாறு உறிஞ்சும். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் இலைகளின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். புது இலைகள் சுருண்டு, மஞ்சளாகி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. மற்ற செடிகளைக் காப்பாற்ற, அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே நல்லது.

பிஞ்சு விழுந்தால்?

தண்ணீரைக் கவனியுங்கள். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிரப்பி ஊற்றுவது செடிக்கு அதிர்ச்சி. விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். காயின் நுனி கறுத்து அமுங்கினால், சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் அதற்கும் ஒழுங்கில்லாத தண்ணீர்தான் காரணம். தொட்டி 30 சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், அடியில் ஓட்டை கட்டாயம். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் அடிக்கிற மாலை மழையில் வேர் ஊறிப்போனாலும் பூவும் பிஞ்சும் உதிரும்.

கிள்ளான் பக்கம் தரையில் நடுபவர்கள் மண்ணின் புளிப்பையும் பார்க்க வேண்டும். மிளகாய்க்குப் பி.எச். அளவு 5.5 முதல் 6.8 வரை ஏற்றது. சதுப்பு மண் அதைவிடப் புளிப்பாக இருக்கும். நடுவதற்கு முன் டோலமைட் சுண்ணாம்பு கலந்தால் சரியாகும்.

தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா?

இது செடிக்காக இல்லை, உங்கள் வீட்டுக்காக. தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். டிங்கி காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு பெருக இடம் கொடுத்தால் முதல் முறையே 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது தண்ணீர் நிற்காமல் அடிக்கடி கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

எத்தனை நாள் காத்திருக்கணும்?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இடம், தண்ணீர், உரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. இன்று செய்த மாற்றத்தின் பலன் புது மொட்டுகளில்தான் தெரியும். அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். பூ பிடித்த பிறகு பச்சை மிளகாய் பறிக்க மூன்று, நான்கு வாரம்.

எல்லாப் பூவும் காயாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரோக்கியமான செடியும், காய்ப்பாரம் கூடியதும் புதுப் பூக்களை உதிர்க்கும். பறிக்கப் பறிக்க மறுபடி பிடிக்கும். கீழே விழுந்த பூவை எண்ணாதீங்க, கிளையில் நிற்பதைப் பாருங்க.