நிலவறையும் திறப்பும் எங்கள் வன்னிப் பிள்ளைகளும்

கடந்த நோன்பு விடுமுறையில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு இஃப்தாருக்குப் போயிருந்தோம். கட்டாரில் இருந்து லீவில் வந்திருந்த மாமா ஒருவர் கொண்டுவந்த நின்டெண்டோ சுவிட்சைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். அதைக் கையில் வைத்திருந்தவர் எங்களிடம் தரம் 9இல் படிக்கும் மாணவர். இரண்டு வருடமாக அவர் வகுப்பில் கை உயர்த்தி நாங்கள் கண்டதில்லை.

திரையில் ஒரு மூடிய கதவு. ஒரு பக்கம் மின்சாரம், மறுபக்கம் கதவு, நடுவில் ஓர் இடைவெளி. பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு தன் வீரனின் இரும்பு வாளைக் கழற்றி அந்த இடைவெளியில் போட்டார். கதவு திறந்தது.

"எப்படி மகன் தெரியும்?" என்று கேட்டோம்.

"சேர், இரும்புல கரன்ட் பாயும்தானே. நீங்கதான் படிப்பிச்சீங்க."

படிப்பித்தது உண்மை. கடத்திகள், காவலிகள் என்று இரண்டு நிரல் போட்டு கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். பரீட்சையில் அதே மாணவர் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தார். இங்கே யாரும் கேட்காமலே விடையைக் கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் இது எங்களை விடவில்லை. வீடியோ கேம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெற்றோர் கூட்டங்களில் பேசியவர்களில் நாங்களும் அடக்கம். அதனால் அந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடும் பகிர்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விளையாட்டுத் தொடரின் பெயர் 'த லெஜெண்ட் ஒஃப் செல்டா'. வயது நாற்பது. அதன் உயிர்நாடி 'டன்ஜன்' என்று சொல்லப்படும் நிலவறைகள்: பூட்டிய அறைகள், ஒளித்து வைத்த திறப்புகள், புதிர்கள், கடைசி அறையில் ஒரு காவலன்.

கதை உண்மையான குகையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்று மிக நீண்ட குகைத் தொகுதி ஒன்று உண்டு. அதற்குள் இறங்கி வரைபடம் எடுத்தவர்களில் ஒருவர் வில் க்ரௌதர் என்ற கணினி நிரலாளர். மணமுறிவுக்குப் பிறகு, தன் பெண் பிள்ளைகளுக்காக 1975, 76 காலத்தில் அவர் ஒரு கணினி விளையாட்டை எழுதினார். படம் இல்லை, சொற்கள் மட்டும்தான். நீ நிற்கும் இடம் இது, வழி வடக்கே போகிறது, என்ன செய்யப்போகிறாய் என்று கணினி கேட்கும். 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார். குகைக்குள் போய்ப் புதிர் அவிழ்க்கும் கணினி விளையாட்டுகளுக்கெல்லாம் அதுதான் மூத்த பிள்ளை.

ஜப்பானில் இன்னொரு குகை. கியோட்டோவுக்கு அருகே சொனோபே என்ற ஊரில் 1952இல் பிறந்தவர் ஷிகெரு மியமோட்டோ. சிறுவயதில் காடு மேடெல்லாம் சுற்றும்போது ஒரு குகை வாயைக் கண்டார். விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பயமும் ஆசையும் பிற்காலத்தில் அவர் செய்த விளையாட்டுக்கு விதையானது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அவர் வேலைக்குச் சேர்ந்த நின்டெண்டோ, 1889இல் கியோட்டோவில் விளையாட்டுச் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய பழைய நிறுவனம்.

1986 பெப்ரவரி 21இல் முதல் செல்டா வந்தது. மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது. தொடங்கியதும் ஒரு வெளி, அதில் ஒரு கறுப்புக் குகை வாய். உள்ளே போ என்று யாரும் சொல்வதில்லை. போனால் ஒரு கிழவர் வாள் தருவார். போகாவிட்டால் வெறுங்கையோடு அலையலாம். மொத்தம் 9 நிலவறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, சில திறப்புகள், புதிதாக ஒரு கருவி. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது. பெட்டி பெட்டியாகத் தாண்ட வேண்டும், கோட்டில் நிற்பவர் எப்படி நகர்கிறார் என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துக் குறும்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் விற்ற கருவியின் இரண்டாவது கைப்பிடியில் ஒலிவாங்கி ஒன்று இருந்தது. பெரிய காதுகள் கொண்ட ஒரு பூதத்தை வீழ்த்த அந்த ஒலிவாங்கியில் சத்தம் போட்டால் போதும். தெசுகா ஒரு கணக்குப் பிழையால் நினைவகத்தில் பாதி இடத்துக்குள்ளேயே நிலவறைகளை எல்லாம் வரைந்து முடித்துவிட்டாராம். மீதிப் பாதியை வீணாக்காமல் வேறு நிலவறைகள் வரைந்து, விளையாட்டை முடித்தவர்களுக்கு இரண்டாம் சுற்றாகக் கொடுத்தார்கள். பிழையைக் கிழித்தெறியாமல் பாடமாக மாற்றிய கதை இது. கொப்பி திருத்தும்போது சிவப்புப் பேனையைக் கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கச் சொல்கிறது.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

சொனோபேயின் சிறுவன் விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் போனான். எங்கள் பிள்ளைகளால் அது முடிந்ததா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கையில் எடுத்ததோடு நடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 2009க்குப் பிறகு பலரும் திரும்பி வந்து பார்த்தபோது வளவுகள் காடாகிக் கிடந்தன. தமிழ்ச் சகோதரர்களின் ஊர்களிலும் அதே காடு, அதே கிணறு, அதே இடிந்த சுவர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா எங்கும் வேலியோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். மிதிவெடி. பாடசாலைகளில் நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று: தெரியாத பொருளைத் தொடாதே, தடம் இல்லாத இடத்தில் கால் வைக்காதே, மற்றவர்கள் போன வழியில் மட்டும் போ.

அது சரியான பாடம். உயிர்களைக் காப்பாற்றிய பாடம். இன்றும் வெடிபொருள் அகற்றி முடியாத நிலங்கள் இருக்கின்றன, அங்கே அந்தப் பாடத்தில் ஓர் எழுத்தும் குறையக்கூடாது. ஆனால் அதே பாடம் வகுப்பறைக்குள்ளும் வந்து குந்திவிட்டது. தெரியாத கேள்வியைத் தொடாதே. சேர் போட்ட வழியில் மட்டும் கணக்குப் போடு. இதை எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் வாயால் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1991இல் வந்த மூன்றாவது விளையாட்டில் நிலவறைக்கு மாடிகள் முளைத்தன. ஒரு கோபுரத்தில், மேல் மாடியில் இருக்கும் துளையால் சரியான இடம் பார்த்து விழுந்தால்தான் கீழ் மாடியின் ஒரு பெட்டியை அடையலாம். விழுவதும் ஒரு வழி என்று பிள்ளைக்குக் காட்டிய வடிவமைப்பு அது. 1998 நவம்பரில் 'ஒக்கரினா ஒஃப் டைம்' வந்தது. முதன்முறையாக நிலவறைகள் முப்பரிமாணம் ஆயின. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்தவர் எய்ஜி அவோனுமா. நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மரத்தால் இயங்கும் பொம்மைகள் செய்தவர். ஒரு பல்லுச் சக்கரம் அசைந்தால் எங்கே எது அசையும் என்று யோசிக்கும் மூளை.

அந்த மூளையின் பிள்ளைதான் உலகெங்கும் விளையாடுபவர்கள் திட்டித் தீர்த்த 'நீர்க் கோயில்'. நடுவில் ஒரு கோபுரம், சுற்றிவர அறைகள், முழுவதும் தண்ணீர். மூன்று இடங்களில் ஒரு மெட்டை வாசித்தால் நீர்மட்டம் மூன்று அளவுகளில் ஏறும், இறங்கும். உயர்ந்தால் மேல் அறைக்கு மிதந்து போகலாம், அப்போது கீழ்க் கதவு மூழ்கிவிடும். இறங்கினால் கீழே வழி, மேலே எட்டாது. ஒரு திறப்பைத் தவறவிட்டால் எந்த மட்டத்தில் எந்த அறையை விட்டோம் என்று முழுக் கட்டடத்தையும் மனதில் சுமக்க வேண்டும். பலர் அங்கேயே விளையாட்டை மூடிவைத்தார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வன்னிக் கமக்காரருக்கு இந்தப் புதிர் புதிதா? குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்த மண் இது. மேல் குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்கு. எந்தத் துருசை எப்போது எத்தனை அங்குலம் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது, சிறுபோகத்துக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று வட்டவிதானைமார் மனதில் சுமந்த வரைபடம் நீர்க் கோயிலை விடச் சிக்கலானது. பிழைத்தால் ஒரு போகம் போய்விடும்.

நீர் அழுத்தத்தை அடக்கித் துருசைக் கட்டுப்படுத்த, அணைக்கட்டுக்குள் கிணறு போல ஒரு சதுரக் கட்டமைப்பை இந்தத் தீவின் பழைய பொறியியலாளர்கள் அமைத்தார்கள். 'பிசோகொட்டுவ' என்று பெயர். ஆங்கிலேயர் கால நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த 'ஏன்சியன்ட் சிலோன்' என்ற நூலில் அதை வியந்து எழுதினார். எங்கள் வவுனிக்குளத்தையும் அவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குளக்கட்டில் சைக்கிள் ஓடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காலுக்குக் கீழே இப்படி ஒரு புதிர் இருந்தது தெரியும்? நாங்கள் எத்தனை பேர் சொல்லிக்கொடுத்தோம்?

நீர்க் கோயிலின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. தண்ணீரில் மூழ்குவதற்கு இரும்புச் சப்பாத்து அணிய வேண்டும். அதைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் விளையாட்டை நிறுத்திப் பட்டியலைத் திறக்க வேண்டியிருந்தது. அதுதான் பெரிய எரிச்சல். அவோனுமா அதைத் தன் பிழை என்று ஏற்று வருத்தம் தெரிவித்தார். 2011இல் 3டிஎஸ் கருவிக்காக மீண்டும் செய்தபோது சப்பாத்தை ஒரு தொடுகையில் மாற்ற முடிந்தது. நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட நிறக் கோடுகள் வந்தன. புதிரில் கை வைக்கவில்லை. பிள்ளையின் காலில் இருந்த தேவையில்லாத முள்ளை எடுத்தார்கள், மலையை அப்படியே விட்டார்கள். நாங்கள் பெரும்பாலும் மறுபக்கமாகச் செய்கிறோம். விளங்காத மொழியில் வினாவை எழுதி முள்ளை வைத்துவிட்டு, விடையைச் சொல்லிக்கொடுத்து மலையை எடுத்துவிடுகிறோம்.

பிறகு அந்தத் தொடருக்கும் ஒரு நோய் வந்தது. எங்களுக்கு நன்கு பழகிய நோய். நிலவறையில் ஒரு கருவி கிடைக்கும், அந்த நிலவறையின் புதிர்கள் அனேகமாக அந்தக் கருவியாலேயே தீரும், கடைசிக் காவலனும் அதற்கே விழுவான். பழகியவர்கள் அறையைக் கண்டதும் விடையைச் சொன்னார்கள். பாஸ்ட் பேப்பர் செய்து செய்து, வினாவின் முதல் வரியிலேயே விடை எழுதும் பிள்ளைகளைப் போல. 2013இல் கருவிகளைக் கடையில் வாடகைக்கு விட்டு, பெரும்பாலான நிலவறைகளுக்கு விரும்பிய ஒழுங்கில் போகலாம் என்று மாற்றிப் பார்த்தார்கள்.

2017 மார்ச் 3இல் வந்த 'பிரெத் ஒஃப் த வைல்ட்' பழைய ஒழுங்கையே கலைத்தது. 120 சிறு கோயில்கள், நான்கு பெரிய இயந்திர மிருகங்கள். நெருப்பு புல்லை எரிக்கும், இரும்பு மின்சாரம் கடத்தும், கனமானது உருளும். இயற்கையின் விதிதான் கருவி. விடை ஒன்று என்று இல்லை. அந்த மாணவர் வாளைப் போட்டது இதில்தான். 2023இல் வந்த அடுத்ததில் 152 சிறு கோயில்கள். பொருள்களை ஒட்டி வண்டியோ பாலமோ நீங்களே செய்து கடக்கலாம். பழைய பெரிய நிலவறையின் ஆழம் போய்விட்டது என்று குறைப்படுபவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. 2024இல் இளவரசி செல்டாவே கதையை நடத்தும் விளையாட்டு வந்தது. தொடரின் முதல் பெண் இயக்குநராக அதில் பணியாற்றியவர் தொமோமி சானோ. எங்கள் பெண் பிள்ளைகளின் கவனத்துக்கு.

விடுமுறை முடிந்து நாங்கள் ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். டோர்ச் பல்ப், இரண்டு பற்றரி, நடுவில் வெட்டிவிட்ட வயர். மேசையில் தேக்கரண்டி, நாணயக் குற்றி, இரு முனையும் சீவிய பென்சில், செருப்புத் துண்டு. "பல்ப் எரிய வேண்டும்" என்று மட்டும் சொன்னோம். இருபது நிமிடம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. இத்தனை வருடத் தொழிலில் அதைவிடக் கஷ்டமான இருபது நிமிடம் இல்லை. பிள்ளைகள் எங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள், பொருளைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே போனது. பிறகு ஒரு மாணவி பென்சிலை எடுத்தார். பல்ப் மங்கலாக எரிந்தது. கரண்டி வைத்த குழுவில் பளிச்சென்று எரிந்தது. "ஏன் சேர் எங்கட மட்டும் மங்கல்?" என்று அந்தப் பிள்ளை கேட்டார். பாடத்திட்டத்தில் தடை என்று நாங்கள் எழுதிப்போடும் அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

எங்கள் தரம் 9 மாணவர் இன்னும் கை உயர்த்தவில்லை. ஆனால் மணி அடித்த பிறகும் நின்று, செருப்புத் துண்டைத் தண்ணீரில் நனைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு விடிய விடிய விளையாட விடுங்கள் என்று இந்தப் பதிவை யாரும் வாசிக்க வேண்டாம். தொழுகைக்கும் தூக்கத்துக்கும் படிப்புக்கும் நேரம் வேண்டும். நாங்கள் சொல்ல வந்தது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். வேலியோரச் சிவப்புப் பலகைகளை, வெயிலில் முழங்காலில் இருந்து ஒவ்வோர் அங்குலமாக நிலத்தைத் தட்டிப் பார்க்கும் தொழிலாளர்கள் வருடக்கணக்காக அகற்றி வருகிறார்கள். பாடப்புத்தகத்துக்குள் நட்ட பலகைகளை நட்டவர்கள் நாங்கள். அவற்றை நாங்கள்தான் பிடுங்க வேண்டும்.