இரு குழந்தைகளின் நுரையீரல் திசு

கைக்குழந்தைகளின் மூச்சு நுண்குழாய்களில் அழற்சியை உண்டாக்கும் வைரசுகளுள் முதன்மையானது ஆர்.எஸ்.வி. ஆனால் அது முதலில் அறியப்பட்டது வாஷிங்டனில் ஆய்வுக்கென வளர்க்கப்பட்ட சிம்பன்சிகளிடம்தான். 1956இல் இடப்பட்ட பெயரும் அச்சளி நோயையே குறித்தது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் குழுவினர் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடமிருந்து அதே வைரசைப் பிரித்தெடுத்தனர்.

வைரசை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து ஊசியாகச் செலுத்தும் முறையில் ஜோனாஸ் சால்க் போலியோவை எதிர்கொண்டு வென்றிருந்தார். அதே முறையில் ஆர்.எஸ்.வி.க்கும் தடுப்பூசி உருவாக்கப்பட்டு, 1960களின் நடுவில் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வீடற்ற பிள்ளைகளுக்கென வாஷிங்டனில் இயங்கிய ஜூனியர் வில்லேஜ் காப்பகமும் சோதனைக் களங்களுள் ஒன்று. அத்தகைய பிள்ளைகள் அக்கால ஆய்வுகளுக்கு எவ்வளவு எளிதில் கிடைத்தனர் என்பதையும் இங்கே கருதவேண்டும்.

வாஷிங்டனில் நடந்த மற்றொரு சோதனையில், தடுப்பூசி பெற்றபின் ஆர்.எஸ்.வி. தொற்றிய குழந்தைகளுள் சுமார் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வேறொரு தடுப்பூசி பெற்ற ஒப்பீட்டுக் குழுவிலோ இது சுமார் 5 விழுக்காடே. இரு குழந்தைகள் இறந்தனர். ஒன்றுக்கு 14 மாதம், மற்றொன்றுக்கு 16 மாதம். 1969இல் முடிவுகள் வெளியாயின. அதன்பின் பல்லாண்டுகள் இத்துறை தயங்கியே நடந்தது.

புதிர் இதுதான்: ஊசி பெற்ற குழந்தைகளின் குருதியில் எதிர்ப்பொருள்கள் பெருகியே இருந்தன. ஆனால் அவை வைரசை முடக்க வல்லவையாக இல்லை. இறந்த இரு குழந்தைகளின் நுரையீரல் திசு பாதுகாக்கப்பட்டிருந்ததால், 2002இல் வெளியான ஓர் ஆய்வு அதனை மீண்டும் ஆராய்ந்தது. எதிர்ப்பொருளும் வைரசும் பிணைந்து காற்றுக்குழாய்களில் படிந்து அழற்சியைத் தூண்டியதற்கான தடயங்கள் அதில் தெரிந்தன. 2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம், பீட்டர் குவாங் ஆகியோர் உள்ளிட்ட குழு, வைரசின் எஃப் புரதம் உயிரணுவுடன் இணைவதற்கு முன் கொண்டிருக்கும் வடிவத்தை வெளிப்படுத்தியது. வலிமைமிக்க எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் பற்றுவது அவ்வடிவத்தையே. ஃபார்மலின் ஊசியில் அது நிலைக்கவில்லை.

இவ்வறிவின் பயனாக 2023இல் முதியோருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் தடுப்பூசிகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. பச்சிளங்குழந்தைகளுக்கு ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் வந்தது. குழந்தைக்கே நேரடியாகச் செலுத்தும் தடுப்பூசி மட்டும் இன்னும் கைகூடவில்லை. கைக்குழந்தைகளிடம் நடந்த ஓர் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிச் சோதனையில், ஊசி பெற்றவர்களிடையே கடும் நோய் மிகுதியாகத் தென்பட்டதால் அது நிறுத்தப்பட்டது. அதைக் குறித்து 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியபோது, 1960களின் அந்தச் சோதனை மீண்டும் பேசுபொருளாயிற்று.