18ஆவது கேள்வி

அமெரிக்காவில் விமானி ஆக ஆசைப்படுற ஒருவர், தனியாகப் பறக்கிறதுக்கு முதல் ஒரு மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேணும். அதற்கான படிவத்தில் 18ஆவது கேள்விதான் எங்கட கதை. ‘உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது இவற்றில் ஏதாவது இருந்ததா?’ என்று தொடங்கி ஒரு நீளமான நோய்ப் பட்டியல் வரும். மனச்சோர்வு, பதகளிப்பு எல்லாம் அதுக்குள்ள ஒரே வரியில் அடங்கிவிடும்.

‘எப்போதாவது’ என்ற சொல்லை வடிவாகக் கவனியுங்கோ. 15 வயதில் ஒரு வைத்தியர் மனச்சோர்வு என்று எழுதிக் குளிசை தந்திருந்தால், 25 வயதில் நல்ல சுகமாக இருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் போட வேணும். பொய் சொன்னால் குற்றம்: 5 வருஷம் வரை சிறை, 250,000 டொலர் வரை தண்டம் என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கு. உண்மையைச் சொன்னாலோ, பரிசோதிக்கிற வைத்தியர் சான்றிதழைத் தராமல் கோப்பை மேலிடத்துக்கு அனுப்பலாம். பிறகு பழைய வைத்தியக் குறிப்புகள், மனநல வைத்தியரின் அறிக்கை, கைக்காசில் உளவியல் பரிசோதனைகள். மாதக்கணக்கில் இழுபடும்.

விமானியின் மனதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது புதுப்பழக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை 1940 ஏப்ரலில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. உடம்பில் நோய் இல்லாமல் ‘இனிப் பறக்கேலாது’ என்று சொன்னவர்களை மனத்திடம் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தி, பறக்கும் சின்னத்தையும் பறித்தார்கள். குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த ஏறத்தாழ 125,000 பேரில் 55,573 பேர் செத்துப்போனார்கள். அதைப் பார்த்துப் பயப்பட்டதுதான் குற்றமாம்! இன்றைய படிவம் அதிலிருந்து நேரே வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ‘வாயைத் திறந்தால் சிறகு போகும்’ என்ற பயம் இரண்டிலும் ஒன்றுதான்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2010 வரைக்கும் மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிற விமானிக்குச் சான்றிதழ் கொடுக்கவே இல்லை. அப்ப மூன்று வழிதான்: பறப்பதை விடு, மருந்தை விடு, இல்லாட்டி மறை. 2010 ஏப்ரலில் நிர்வாகத்தின் தலைவர் ராண்டி பாபிட் அதை மாற்றினார். புளொக்செட்டின், செர்ட்ராலின், சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் என்ற நாலு மருந்துகளில் ஒன்றோடு 12 மாதம் நிலையாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அப்போதைய விதி. அதோட, ஏற்கெனவே மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வந்து சொன்னால் அதற்காக நடவடிக்கை இல்லை என்றும் அறிவித்தார்.

அதே 2010இல் ஒரு ஜேர்மன் இளைஞரும் அமெரிக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். அவருக்கு முந்தி மனச்சோர்வு வந்து சுகமாகியிருந்தது. அறிக்கைகள் கேட்டார்கள், கொடுத்தார், ஜூலையில் சான்றிதழ் கிடைத்தது. அவர் பெயர் அந்திரேயாஸ் லுபிட்ஸ். 2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் 9525 விமானத்தைப் பிரான்சின் அல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். அவரோடு சேர்த்து 150 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் நாங்களும் நின்று யோசித்தோம். அந்தக் குடும்பங்களிடம் போய் ‘விமானியின் அந்தரங்கம்’ என்று கதைக்கேலுமா? ஏலாது. ஆனால் பிரெஞ்சு விசாரணையாளர்களின் 2016 அறிக்கையை வாசித்தால் வேறொரு பக்கமும் தெரியும். நோய் திரும்பி வந்தபோது அவர் பல வைத்தியர்களிடம் போயிருந்தார். வேலைக்குப் போக வேண்டாம் என்ற கடிதமும் வாங்கியிருந்தார். கம்பெனிக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உரிமம் போகும், வருமானம் போகும். அதனால்தான் விமானிகளுக்குச் சக விமானிகளின் உதவிக் குழு வேணும், உரிமம் இழந்தால் பணக்கஷ்டம் குறைய வழி வேணும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் உதவிக் குழுவைக் கட்டாயமாக்கி விதி எழுதியது.

அமெரிக்காவில் பயம் குறையவில்லை. 2022இல் வெளியான ஆய்வொன்றில் 3,765 விமானிகளிடம் கேட்டபோது, 56.1 வீதமானவர்கள் சான்றிதழுக்குப் பயந்து எப்போதாவது மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல்! கேள்வி கடுமையாக இருந்தால் பதில் உண்மையாக வரும் என்ற நம்பிக்கை எவ்வளவு பிழை என்று இதிலயே தெரியுது. 2021 ஒக்டோபரில் வட டக்கோட்டாவில் விமானப் பயிற்சி பெற்ற 19 வயது மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி தேடினால் பறக்கிற வாய்ப்புப் போய்விடும் என்ற பயத்தைக் கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த மாணவரின் வயதுதான் எங்களில் பலருக்கும்.

2023 ஒக்டோபரில், கடமையில் இல்லாத விமானி ஒருவர் ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் இயந்திரங்களை நிறுத்தப் பார்த்த பிறகு, நிர்வாகம் ஒரு குழுவை அமைத்தது. 2024 ஏப்ரலில் வந்த அதன் அறிக்கையில் 24 பரிந்துரைகள். ஆலோசகரிடம் கதைத்துப் பெறும் சிகிச்சையைச் சொல்ல வேண்டிய விதியைத் தளர்த்துங்கள் என்பது அதில் ஒன்று. இதுவரை மறைத்தவர்கள் தண்டனையில்லாமல் வந்து சொல்ல ஒரு வழி திறவுங்கள் என்பது இன்னொன்று. 2010இல் பாபிட் ஆறு மாதம் திறந்துவைத்த அதே கதவைத்தான், 14 வருஷம் கழித்துத் திரும்பவும் கேட்டிருக்கிறார்கள்.