கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

வீட்டின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, உவர்நீரை நிரப்பி, வண்ண மீன்களை வளர்க்க விழைவோர் முதலிற் கேட்பது, எந்த மீன் அழகானது என்பதே. எந்த மீன் எதனோடு கூடி வாழும் எனக் கேட்போர் சிலரே. இவ்விரண்டாம் கேள்வியை மனிதன் கேட்கக் கற்ற வரலாற்றையே இன்று கூற விரும்புகின்றேன்.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில அம்மையார், டார்க்கீ கடற்கரையிற் கண்ட பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். கடலோ தொலைவில் இருந்தது. ஆகவே, இருந்த நீரையே நாள்தோறும் பலகணியருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, அதிற் காற்றைக் கலப்பித்தார். மறு ஆண்டில் கடற்பாசியையும் சேர்த்தார். உயிர்கள் பிழைத்தன.

வேதியியல் அறிஞர் ராபர்ட் வாரிங்டன் நன்னீரில் செய்த சோதனையை 1850இல் வெளியிட்டார். பொன்மீன்களுடன் நீர்ச்செடியை வளர்த்தார். இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. நத்தைகளை இட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாயிற்று. துணையைத் தேர்ந்தெடுக்கும் கலையின் முதற்பாடம் இதுவே என்பேன்.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. அதற்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களுள் பிலிப் ஹென்றி காஸ் ஒருவர். 1854இல் அவர் எழுதிய நூல் நாடெங்கும் ஆர்வத்தைக் கிளப்பியது. மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைப் பாறைகளை நாடினர், அகப்பட்டவற்றையெல்லாம் அள்ளினர். ஒரே தொட்டியில் இடப்பட்ட நண்டு சிறுமீனைத் தின்றது; கடற்சாமந்தி அருகில் வந்த மீனை விழுங்கியது. மாண்டவற்றுக்கு ஈடாக மேலும் அள்ளினர். பாறைக் குட்டைகள் வெறுமையடைந்ததை அவர் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வருத்தத்துடன் பதிவு செய்தார். தந்தையின் நூல் ஊட்டிய அன்பே அவ்வழிவுக்கு வழிகோலியது என்பது எண்ணத் தக்கது.

அக்காலத்தார் உயிர்வளி ஒன்றையே பெரிதாகக் கருதினர். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை, ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரித்தறிந்தார். அந்நுண்ணுயிர்கள் பெருகுமுன் மீன்களை விட்டால் அவை மடியும். சிறு தொட்டியில் நீர் குறைவு. ஆதலின் நஞ்சு விரைவிற் செறியும். எனவே மீன்கள் சிலவே இருத்தல் வேண்டும். அவற்றையும் ஒவ்வொன்றாகவே சேர்த்தல் வேண்டும்.

இனி, தேர்வு எவ்வாறு? கோமாளி மீன்கள் ஓரிணை போதும். மற்றோர் இணையைச் சேர்த்தால் இடத்துக்காகப் போர் மூளும். சிங்கமீன் தன் வாய்க்குள் அடங்கும் மீனை உண்டுவிடும். கடற்குதிரை மெல்ல உண்பது. விரைந்து உண்ணும் மீன்களிடையே அது பட்டினி கிடக்கும். சண்டை மட்டுமன்று, உணவு கொள்ளும் வேகமும் பொருந்துதல் வேண்டும்.

மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்துள்ளனர். அத்தகைய குஞ்சுகளை வாங்குவோர் கடலை வெறுமையாக்க வேண்டியதில்லை. மாணவர்களே, தொட்டி வைக்க விரும்பினால், மீன் வாங்கும் முன் அதன் உணவையும் இயல்பையும் கேட்டறியுங்கள். இங்கிலாந்தின் பாறைக் குட்டைகள் கொடுத்த விலையை நாம் மீண்டும் கொடுக்க வேண்டாம்.